ஜேனட்டுக்கு நேர்ந்தது: ஒரே கதையின் இரண்டு தொலைக்காட்சி வடிவங்கள்

அகதா கிறிஸ்டியின் 1925ஆம் ஆண்டுச் சிறுகதையான 'விட்னஸ் ஃபார் தி பிராசிக்யூஷன்' தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்ட வடிவங்களுள் இரண்டை ஒப்பிடலாம்: ஒன்று 1982இல் அமெரிக்காவின் சிபிஎஸ் ஒளிபரப்பிய படம், மற்றது 2016 டிசம்பர் 26, 27 ஆகிய இரவுகளில் பிபிசி ஒளிபரப்பிய இரு பகுதித் தொடர். முடிவைத் தொடாமல் இவற்றை அலச வழியில்லை என்பதால், இன்னும் பார்க்காதவர்கள் பார்த்தபின் படிப்பதே நல்லது.

லியனார்ட் வோல் என்ற இளைஞன் எமிலி ஃப்ரெஞ்ச் என்ற செல்வச்சீமாட்டியிடம் அன்பாகப் பழகி, அவருடைய உயிலில் இடம்பிடிக்கிறான். அவர் கொலையுண்டதும் பழி அவன்மீது விழுகிறது. அவனோடு வாழ்ந்த பெண்ணே அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறாள். அந்தச் சாட்சியம் பொய்யென நீதிமன்றம் நம்பும்படி செய்து அவனை விடுவிப்பவளும் அவளே. கொன்றவன் அவன்தான் என்பது கடைசியில் தெரியவருகிறது.

1982ஆம் ஆண்டுப் படம், பில்லி வைல்டர் 1957இல் எடுத்த திரைப்படத்தின் திரைக்கதையைப் பெரிதும் பின்பற்றுகிறது. ரால்ஃப் ரிச்சர்ட்சனின் முதிய பாரிஸ்டரும், அவரை விடாமல் கண்காணிக்கும் செவிலியாக டெபரா கெர்ரும் வரும் காட்சிகள் இன்றும் அலுப்பதில்லை. டயானா ரிக் நடித்த கிறிஸ்டீன், தான் காப்பாற்றிய காதலன் வேறொரு பெண்ணோடு கிளம்புவதைக் கண்டு அவனை அங்கேயே குத்திக் கொல்கிறாள். ஏமாற்றியவனுக்கு ஏமாந்தவளே தண்டனை தருவதால், பார்ப்பவரின் மனம் ஆறிவிடுகிறது.

ஆனால் உண்மையைச் சொன்ன, எமிலியின் வேலைக்காரி ஜேனட்டின் கதி என்ன? 1982 படம் பின்பற்றிய வைல்டரின் படத்தில், கொலை நடந்த இரவில் வீட்டுக்குள் லியனார்டின் குரலைக் கேட்டதாக அவர் சொல்கிறார். பாரிஸ்டரோ அவருடைய காது மந்தத்தை அம்பலப்படுத்தி, அந்தச் சாட்சியத்தையே செல்லாததாக்கிவிடுகிறார். அது சாமர்த்தியமாக எழுதப்பட்ட காட்சிதான். எனினும் உண்மை பேசிய ஒருவரைப் பார்த்து நம்மையும் சேர்த்துச் சிரிக்கவைக்கிறது என்பது எனக்கு உறுத்துகிறது.

சாரா ஃபெல்ப்ஸ் எழுதிய 2016 தொடர் ஜேனட்டைச் சிரிப்புக்கு விடவில்லை. மோனிகா டோலன் நடித்த இந்த ஜேனட், எஜமானிமேல் உயிரையே வைத்திருப்பவர்; அந்தப் பாசமே அவருக்கு எதிரான சந்தேகமாகத் திருப்பப்படுகிறது. லியனார்ட் விடுதலையாகிறான், கொலைப்பழி ஜேனட்டின்மேல் விழுகிறது, அவர் தூக்கிலிடப்படுகிறார். கதை நிகழும் 1923இல்தான், ஈடித் தாம்சன் என்ற பெண், காதலனுக்கு எழுதிய கடிதங்களே முக்கியச் சாட்சியமாகி, லண்டன் ஹாலோவே சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவருக்கு இழைக்கப்பட்டது அநீதி என்று இன்றுவரை பலரும் வாதிடுகின்றனர். ஆகவே ஜேனட்டின் முடிவை அதிர்ச்சிக்காகச் சேர்த்த மிகை என்று ஒதுக்கிவிட முடியாது.

குறைகளும் உண்டு. மங்கலான ஒளிப்பதிவு கண்ணை அயர்த்துகிறது. டோபி ஜோன்ஸ் அற்புதமாக நடித்திருந்தாலும், வழக்கறிஞர் மேஹ்யூவின் குடும்பத் துயரம் தேவைக்குமேல் நீள்கிறது. குறுக்கு விசாரணையின் சூட்டையும் வசனத்தின் கூர்மையையும் விரும்புபவர்கள் 1982ஐத் தேர்ந்தெடுக்கலாம். காதல் மோசடியின் விலையை அதில் சம்பந்தமே இல்லாத ஒரு பெண் கொடுக்க நேரும் கொடுமையை நேராகப் பார்க்கத் துணிந்தது 2016 தொடர்தான்; அதனால் என் தேர்வு அதுவே.