சீனம் படிப்பிக்க எந்த வீடியோ?

களனி, கொழும்புப் பல்கலைக்கழகங்களில் சீன மொழி படிப்பிக்கிற கன்பூசியஸ் நிலையங்கள் இருக்கின்றன. திருகோணமலையில் இருந்து அங்கே போவதென்றால் இரவு பஸ், இல்லாவிட்டால் இரவு ரயில். அதனால் இந்த ஊரில் சீன வகுப்பு என்பது ஓர் ஆசிரியர், ஒரு மடிக்கணினி, சுவரில் விழுகிற படம், அவ்வளவுதான். உவர்மலையில் மாலை வேளை அப்படியொரு வகுப்பை நடத்துகிறேன். உயர்தரம் எழுதிவிட்டுச் சீனாவில் மருத்துவம் படிக்கும் யோசனையில் இருக்கிற பிள்ளைகள் ஒரு பக்கம். மே முதல் செப்டெம்பர் வரை மூச்சுவிட நேரமில்லாத உப்புவெளி, நிலாவெளி விடுதி ஊழியர்கள் மறுபக்கம். இந்த இரண்டு கூட்டத்துக்கும் பொருந்துகிற வீடியோ எது என்பதுதான் கேள்வி.

முதலில் எல்லோரும் கைகாட்டுவது சீன மத்திய தொலைக்காட்சியின் ‘க்ரோயிங் அப் வித் சைனீஸ்’. மொத்தம் 100 பாடங்கள், ஒவ்வொன்றும் கால் மணி நேரமளவு, இலவசம். பீஜிங்குக்கு வந்து தங்கும் மைக் என்ற பதின்ம வயதுப் பையனைச் சுற்றிய குட்டி நாடகம் அது. நாடகம் முடிந்ததும் தொகுப்பாளர் ஷார்லட் மக்கின்னிஸ் வந்து ஒவ்வொரு வசனமாகப் பிரித்து ஆங்கிலத்தில் விளக்குவார். அதிகம் புழங்குகிற 300 தொடர்களைச் சொல்லிக்கொடுப்பதே தொடரின் இலக்கு. நாடகப் பகுதி அருமை. பேச்சு நிதானம், காட்சி தெளிவு, பெடியளுக்கு வயதும் ஒத்துப்போகிறது. பெரியவர்களுக்குப் பள்ளிக்கூடக் கதை கொஞ்சம் சலிக்கும், என்றாலும் சகித்துக்கொள்கிறார்கள்.

சிக்கல் அந்த ஆங்கில விளக்கத்தில். விளக்குகிறவரில் பிழை இல்லை. விளக்கம் யாருக்காக என்பதுதான் விஷயம். யோயோ சைனீஸ் என்ற இணையப் பாடத்தளம் முதலாக ஆங்கிலத்தில் நடக்கிற எல்லாப் பாடங்களுக்கும் இது பொருந்தும். கேள்வி கேட்கும்போது ‘என்ன’ என்ற சொல் வாக்கியத்தின் முன்னுக்குப் போகாது, இருந்த இடத்திலேயே இருக்கும் என்று சில நிமிடங்கள் விளக்குவார்கள். ‘உன் பெயர் என்ன’ என்று பிறந்த நாளில் இருந்து கேட்கிற எங்களுக்கு அதில் விளக்க என்ன இருக்கிறது? வாக்கியக் கடைசியில் ‘மா’ போட்டால் கேள்வி என்பதும் அப்படியே, எங்களுடைய ‘ஆ’ மாதிரி. ஆனால் ‘நான் சாப்பிடுகிறேன் சோறு’ என்று வினை முன்னுக்கும் செயப்படுபொருள் பின்னுக்கும் வருகிற ஒழுங்கை ஒரே மூச்சில் கடந்துவிடுவார்கள், ஆங்கிலத்திலும் அதே ஒழுங்கு என்பதால். எங்கள் ஆட்கள் வாரக்கணக்கில் தடுக்கி விழுவது அங்கேதான்.

ஒலியில் இது இன்னும் மோசம். ரோமன் எழுத்தில் சீனத்தை எழுதும் பின்யின் முறை 1958 முதல் இருக்கிறது. அதில் ‘பி’ (b) என்ற எழுத்தைக் காட்டி ‘பாய்’ (boy) என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் ஒலி என்பார்கள். இல்லை. ‘பால்’ என்று நாங்கள் சொல்லும்போது வருகிற பகரம்தான் அது. குரல்நாண் அதிராது, மூச்சும் வெளியே தள்ளாது. அதே பகரத்தை மூச்சைத் தள்ளிச் சொன்னால் அது மற்ற எழுத்து (p). வாய்க்கு முன்னால் ஒரு கடதாசித் துண்டைப் பிடித்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ‘கல்’லின் ககரமும், கிட்டத்தட்ட ‘தண்ணீ’ரின் தகரமும் இதே கதைதான். பின்யின் ‘ஆர்’ எங்களுடைய ழகரத்துக்குப் பக்கத்தில் நிற்கிற ஒலி. பேச்சில் அதை ளகரமாக்கிவிட்ட நாங்கள் பள்ளிக்கூட வாசிப்பு நாக்கைத் திரும்ப எடுத்தால் போதும். இவ்வளவு வசதி கையில் இருக்க, தமிழ்ப் பிள்ளையை ஆங்கில ஒலிக்குள்ளால் சுற்றிக் கூட்டிப்போவது வீண்வேலை. யோயோவின் இலவச பின்யின் அட்டவணையை நான் பாவிக்கிறேன், ஒலியைக் கேட்பதற்கு மட்டும். விளக்கம் வந்தால் சத்தத்தைக் குறைத்துவிடுவேன்.

அப்படியென்றால் தமிழில் விளக்குகிற வீடியோக்கள்? பீஜிங் வானொலியின் தமிழ் ஒலிபரப்பு 1963 இல் தொடங்கியது. சிற்றலையில் சீனர்கள் செந்தமிழ் பேசக் கேட்டு வியந்த பெரியவர்கள் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் இன்று யூடியூபில் தமிழில் கிடைப்பவற்றில் நான் பார்த்தவை பெரும்பாலும் சொற்பட்டியல்கள். ஒரு சொல், அதன் பொருள், அடுத்த சொல். சொற்களைத் தமிழ் எழுத்தில் காட்டும்போது பொருளையே மாற்றுகிற நான்கு தொனிகளும் (குரலின் ஏற்ற இறக்கங்கள்) காணாமல் போய்விடுகின்றன. வீட்டில் திரும்பப் பார்க்கலாம், வகுப்பில் போட ஒன்றுமில்லை.

அடுத்து, எல்லோரும் ‘சின்னப்பிள்ளைகளுக்கானது, அதனால் லேசு’ என்று நினைக்கிற பெப்பா பன்றிக்குட்டி கார்ட்டூன். சீனக் குரல்பதிவு மிகத் தெளிவு, ஒரு கதை ஐந்து நிமிடம். ஆனால் லேசு இல்லை. அது சீனக் குழந்தைக்கு ஏற்ற வேகம். ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த சொல் ஆயிரக்கணக்கில் இருக்கும், எங்கள் ஆளுக்கு நூறு தாண்டாது. அதோடு, விடுதியில் வரவேற்பாளராக நிற்கிற நாற்பது வயது மனிதரைச் சேற்றில் குதிக்கிற பன்றியைப் பார்க்கச் சொல்லும்போது அவர் முகத்தையும் பார்க்கவேண்டும். ஒரு வருடம் போகட்டும், பிறகு போடலாம்.

மாண்டரின் கார்னர் போன்ற தெருப் பேட்டிகள் பெரியவர்களுக்குப் பிடிக்கும், உண்மையான மனிதர் உண்மையாகக் கதைக்கிறார். சீன எழுத்து, பின்யின், ஆங்கிலம் என்று மூன்று வரிகள் கீழே ஓடும். அதுவே பிரச்சினை: ஆங்கிலம் தெரிந்தவரின் கண் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொள்ளும், காது ஓய்வெடுக்கும். படம் விழும் சுவரில் அந்த வரி வருகிற இடத்தில் கறுப்பு அட்டை ஒன்றை ஒட்டிவிட்டேன். புதியவர்களுக்கு அப்படியும் கடினம்தான்.

இனி என் தெரிவு. சீனம் படிப்பிக்கவென்று யாரும் எடுக்காத படம்: மிஸ்டர் பீன். வசனம் இல்லாத அளவுக்குக் குறைவு, பத்து வயதுக்கும் அறுபது வயதுக்கும் சிரிப்பு வரும், இந்த நாட்டில் அறிமுகம் தேவையில்லை. சத்தத்தை நிறுத்திவிட்டு, படத்தை இடையிடையே நிறுத்தி, ஆசிரியர் சீனத்தில் கதை சொல்லவேண்டும். ஆஷ்லி ஹேஸ்டிங்ஸ் என்ற மொழி ஆசிரியர் உருவாக்கிய ‘மூவி டோக்’ முறை இதற்கு அடிப்படை. பூங்கா வாங்கில் இருந்து சான்ட்விச் செய்கிற காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அவனிடம் பாண் இருக்கிறது. கத்தி இருக்கிறதா? இல்லை. கத்தரிக்கோல் இருக்கிறது! மீன் இருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் பார்க்கிறார். ‘இருக்கிறது’, ‘இல்லை’, ‘சாப்பிடு’, ‘பார்’ என்ற நான்கு வினைகளும் கொஞ்சம் பெயர்ச்சொற்களும் போதும், முழுக் காட்சியையும் கதைக்கலாம். ‘த்ஹா யோவ் யூ’, அவனிடம் மீன் இருக்கிறது, என்று ஐம்பது தடவை கேட்டாலும் அலுக்காது, ஏனென்றால் கண் வேறொன்றில் இருக்கிறது. வினைக்குப் பின் பொருள் என்ற அந்த ஒழுங்கும் விளக்கம் இல்லாமலே காதில் ஏறிவிடுகிறது. சொற்களின் அளவை ஆசிரியர்தான் தீர்மானிக்கிறார். வேறெந்த வீடியோவிலும் இந்த வசதி இல்லை. பென்டிரைவில் போட்டு வைத்தால் டேட்டாவும் தேவையில்லை.

குறை ஒன்று, பெரியது: ஆசிரியருக்குச் சீனம் சரளமாக வரவேண்டும், தொனி பிசகக்கூடாது. ஆசிரியர் இல்லாமல் தனியே படிக்கிறவருக்கு இது உதவாது. அவருக்கு மைக்கின் கதைதான் இன்னமும் முதல் இடம். நாடகத்தை விளக்கத்துக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை பார்க்கட்டும்.

எச்எஸ்கே என்ற சீன மொழித் திறன் பரீட்சைக்காரருக்குத் தனியே ஒரு வார்த்தை. ‘முதல் நிலை’ என்று தலைப்பிட்ட பழைய வீடியோக்கள் 150 சொற்களை வைத்துச் செய்தவை. 2021 இல் வந்த தரநிலை முதல் நிலைக்கு 500 சொற்கள் என்றது. வீடியோ எந்த ஆண்டில் ஏறியது என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். சீனாவுக்குப் படிக்கப் போகிற பிள்ளைகள் புறப்படும் முன்பே பிலிபிலி என்ற சீன வீடியோ தளத்தில் தேடிப் பழகிக்கொள்வது நல்லது. அங்கே போய் இறங்கியதும் யூடியூப் திறக்காது. சேமித்து வைத்த பட்டியல்களை அதோடு மறந்துவிடவேண்டியதுதான்.