உடைந்த ஜன்னல் கண்ணாடிக்கு எதை மாற்றுவது, எதைக் கொண்டு பொருத்துவது

ஆடிக் காற்றில் அம்மி பறந்ததை நான் பார்த்ததில்லை. கொக்கி கழன்ற ஜன்னல் கதவு ஒன்று வேகமாகப் போய் நிலையில் அறைந்து, அதன் மேல்கட்டத்துக் கண்ணாடி மூன்று துண்டாகத் தெருவில் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். மதுரை பழங்காநத்தத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மாடியறை மேற்குப் பார்த்தது. உசிலம்பட்டி, செக்கானூரணிப் பக்கமிருந்து வரும் காற்று தடையின்றி வந்து மோதும் சுவர் அது. தெருவில் யாரும் இல்லாத நேரமாக அமைந்தது எங்கள் நல்ல காலம். மறுநாள் காலையில், கண்ணாடிதானே, ஒரு மணி நேர வேலை என்ற நினைப்பில் மாசி வீதிப் பக்கம் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனேன். பிளெயினா, பின்ஹெட்டா, டஃபனா, லேமினேட்டடா, நாலு எம்எம்மா, அஞ்சா என்று கடைக்காரர் அடுக்கிய கேள்விகளில் ஒன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு விசாரித்தும், சொந்தக் கையால் பொருத்திப் பார்த்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கே ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன்.

எந்தக் கண்ணாடி உயர்ந்தது என்று கேட்பதைவிட, பழைய கண்ணாடி எதனால் உடைந்தது, அடுத்தது உடைந்தால் அதன் துண்டுகள் எங்கே, யார் மேல் விழும் என்ற இரண்டையும் முதலில் கேட்பதே சரி என்பது என் முடிவு. கதவு அறைந்து உடைந்த கண்ணாடிக்குப் பரிகாரம் கனமான கண்ணாடி அன்று, ஒரு கொக்கி. வாசலில் ஸ்டம்பர் பந்தில் கிரிக்கெட் ஆடும் பையன்களால் உடைந்தது என்றால் கணக்கு வேறு.

அளவைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எந்த வகையைத் தேர்ந்தாலும் காசும் வேலையும் அதில்தான் வீணாகின்றன. மரச் சட்டத்தில் கண்ணாடி உட்காரும் பள்ளத்தைத் தச்சர்கள் காடி என்பார்கள். அளக்க வேண்டியது காடியின் உட்சுவரிலிருந்து எதிர்க் காடியின் உட்சுவர் வரை. உடைந்த துண்டுகளை ஒட்டவைத்துப் பார்த்து அளப்பதும், வெளியே தெரியும் பரப்பை அளப்பதும் ஏமாற்றிவிடும். பழைய மரச் சட்டம் நான்கு மூலையும் சரியாக நிற்கும் என்று நம்ப முடியாது என்பதால் அகலத்தையும் உயரத்தையும் மூன்று மூன்று இடங்களில் அளந்து, கிடைத்ததில் சிறியதை எடுத்து, அதிலிருந்து ஒரு நூலாவது, அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்காவது, குறைத்துச் சொல்ல வேண்டும். எங்கள் காடி 12 அங்குலம் 1 நூலுக்கு 18 அங்குலம் 2 நூல் இருந்தது. ஒரு நூல் கழித்து 12-க்கு 18 அங்குலம் 1 நூல் என்று எழுதிக் கொண்டுபோன சீட்டைப் பார்த்துவிட்டு, அறுக்கும் பையன் சிரித்தான்.

"அண்ணே, இந்த ஒரு நூலுக்காக மூணு இஞ்சுக் காசு கூடப் போகும். பதினெட்டுக்கே அறுத்துத் தரட்டுமா?"

பல கடைகளில் பக்க அளவை மூன்று அங்குலத்தின் மடங்காக ஏற்றித்தான் பில் போடுகிறார்கள். நான் எழுதிய அளவுக்கு 12-க்கு 21, அதாவது 1.75 சதுர அடி. அவன் சொன்ன அளவுக்கு 1.5 சதுர அடி. கண்ணாடியின் விளிம்பு உட்காரும் இடம் காடியில் அரை அங்குல அகலம் இருந்ததால் மேலும் கீழும் ஒரு நூல் இடைவெளி விழுந்ததில் ஒரு குறையும் இல்லை. அந்த அகலம் குறைந்த ஜன்னலில் இந்தச் சிக்கனம் ஆகாது.

இனி வகைகள். சாதாரணத் தெளிந்த கண்ணாடி 4 மி.மீ. தடிமனில் ஒரு சதுர அடி ஏறத்தாழ 930 கிராம் எடை வரும். எங்கள் கட்டத்துக்கு 1.4 கிலோ. 5 மி.மீ. என்றால் 1.7 கிலோவைத் தாண்டிவிடும். ஒரு கதவில் மூன்று கட்டங்கள் இருந்து மூன்றையும் மாற்றினால், அந்தக் கூடுதல் எடை முழுவதையும் துருப்பிடித்த பழைய கீல்களே தாங்க வேண்டும். ஒன்றரை அடிக்குட்பட்ட கட்டத்துக்கு 4 மி.மீ. தாராளமாகப் போதும். 5 மி.மீ. வாங்கினால் வெயில் குறையும் என்று சிலர் சொல்வதை நம்பி வாங்க வேண்டாம். தெளிந்த கண்ணாடியில் ஒரு மி.மீ. கூடுவதால் சித்திரை வெயிலுக்கு ஒன்றும் ஆகிவிடாது. அதே வெயிலுக்காக உள்பக்கம் கறுப்புப் படலம் ஒட்டுபவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். படலம் ஒட்டிய நடுப்பகுதி கொதித்து, காடிக்குள் மறைந்த விளிம்பு குளிர்ந்தே இருந்தால், அந்த இழுப்பிலேயே கண்ணாடி விளிம்பிலிருந்து விரிசல் விடுவதுண்டு.

குளியலறை வெண்டிலேட்டருக்கு, ஒரு பக்கம் குண்டூசித் தலை போன்ற சிறு புள்ளிகள் எழும்பிய பின்ஹெட் கண்ணாடியைத் தவிர வேறெதையும் யோசிக்க வேண்டியதில்லை. மணலடித்து மங்கலாக்கிய கண்ணாடி அழகாக இருக்கும். ஆனால் மங்கல் பக்கம் நனைந்தால் தெளிந்துவிடும். குளியலறையில் அதன் பொருள் என்னவென்று விளக்கத் தேவையில்லை.

டஃபன் கண்ணாடியும் லேமினேட்டட் கண்ணாடியும் பாதுகாப்புக் கண்ணாடி என்ற ஒரே பெயரில் விற்கப்படுவதால், இரண்டும் ஒன்றே என்று நினைத்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள். உடையும்போது இரண்டும் நேரெதிராக நடந்துகொள்கின்றன. டஃபன் என்பது அறுத்த கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, காற்றைப் பீய்ச்சித் திடீரென்று குளிர வைத்தது. அதனால் மேற்பரப்பு இறுகி, உட்பகுதி இழுபட்டு நிற்கிறது. சாதாரணக் கண்ணாடியைப் போல நான்கைந்து மடங்கு அடி தாங்கும். தாங்காமல் போகும்போது முழுக் கண்ணாடியும் ஒரே நொடியில் கற்கண்டுத் துண்டுகளாக உதிர்ந்து, ஜன்னல் வெறும் ஓட்டையாகிவிடும். ஒருமுறை டஃபன் ஆன பிறகு அதை அறுக்கவோ, துளையிடவோ, ஓரம் தேய்க்கவோ முடியாது. எனவே அளவில் ஒரு நூல் பிசகினாலும் கண்ணாடி வீண். அடுப்புக்கு அனுப்பி வர வேண்டும் என்பதால் சில நாள் காத்திருப்பும் உண்டு. தரையிலிருந்து முழங்கால் உயரத்திலேயே தொடங்கும் பெரிய ஜன்னலுக்கும், கண்ணாடிக் கதவுக்கும் இதுதான் பொருத்தம். வாங்கும்போது மூலையில் ஐ.எஸ். 2553 என்ற தரக்குறி பதிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

லேமினேட்டட் என்பது இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிவிபி என்ற பிளாஸ்டிக் ஏட்டை வைத்து ஒட்டியது. காரின் முன்கண்ணாடி இந்த இனம். அடிபட்டால் சிலந்தி வலையாக விரியும், ஆனால் துண்டுகள் ஏட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கும். தெருவை ஒட்டிய மாடி ஜன்னலுக்கும், குழந்தையின் தொட்டிலுக்கு மேலுள்ள ஜன்னலுக்கும் டஃபனைவிட இதையே நான் சிபாரிசு செய்வேன். திரைச்சீலையையும் புத்தக அட்டையையும் வெளிறச் செய்யும் புற ஊதாக் கதிரை அந்த ஏடு ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடுகிறது என்பது மேற்கு ஜன்னலில் கிடைக்கும் உபரி லாபம். இடைஞ்சல் தடிமனில் இருக்கிறது. 3 மி.மீ. கண்ணாடி இரண்டும் ஏடும் சேர்ந்து ஆறு மி.மீ.க்கு மேல் வரும். எங்கள் கட்டத்துக்கு இரண்டு கிலோவுக்குச் சற்று அதிகம். பழைய மரக் கதவின் காடி மெல்லிய கண்ணாடிக்காக எடுத்தது. அதில் இதை வைத்தால், கண்ணாடியை வெளியே வராமல் பிடிக்கும் மெல்லிய மரப்பட்டையான பீடிங் கட்டைக்கு இடம் மிஞ்சாது. விளிம்பில் தண்ணீர் தேங்கினால் நாளடைவில் ஏடு ஓரத்திலிருந்து வெளுத்துப் பிரியவும் கூடும்.

அக்ரிலிக், பாலிகார்பனேட் தகடுகளைக் கண்ணாடிக்குப் பதிலாக வைக்கலாமா என்ற ஆசை எனக்கும் வந்தது. எடை கண்ணாடியில் பாதிதான், ரம்பத்தாலேயே அறுத்துக்கொள்ளலாம், பைக்கின் பின்னால் உட்கார்ந்து மடியில் வைத்துக் கொண்டுவந்தாலும் பயமில்லை. ஆனால் வெப்பத்தில் இவை விரியும் அளவு கண்ணாடியைப்போல ஏழெட்டு மடங்கு. 30 டிகிரி சூடு ஏறினால் எங்கள் 18 அங்குலக் கண்ணாடி 0.12 மி.மீ. நீளும், அதே அளவு அக்ரிலிக் கிட்டத்தட்ட 1 மி.மீ. நீளும். காடியில் இறுக்கி அடைத்துவிட்டால், நீள இடமில்லாமல் நடுவில் வயிறு தள்ளி, எதிர்வீட்டுச் சுவரைக் கோணலாகக் காட்டும்.

பாலிகார்பனேட்டுக்கு ஒரு நியாயமான இடம் இருக்கிறது. அழகர்கோவில் சாலையில் அப்பன்திருப்பதியில் இருக்கும் எங்கள் அத்தை வீட்டுச் சமையலறைக் கண்ணாடியைக் குரங்குகள் இரண்டுமுறை உடைத்தன. மூன்றாவது முறை பாலிகார்பனேட் போட்டார்கள். குரங்கு இன்னும் வந்து தட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகிறது, தகடு அசையவில்லை. ஆனால் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க அத்தை பாத்திரம் தேய்க்கும் நாரைக் கொண்டு ஒருநாள் அழுத்தித் தேய்த்ததில், இப்போது அதன் வழியே மாமரம் பச்சையாக ஏதோ இருக்கிறது என்ற அளவுக்கே தெரிகிறது. புற ஊதாக் காப்புப் பூச்சு உள்ள தகடாக இல்லாவிட்டால் வெயிலில் மஞ்சள் பூக்கும். காப்புப் பூச்சு ஒரே பக்கம் இருந்தால் அந்தப் பக்கம் வெளியே இருக்கும்படி மாட்ட வேண்டும். குரங்கும் பந்தும் இல்லாத வீட்டில் இதற்கு வேலையில்லை.

பழைய வீடுகளுக்கு இன்னொரு வழி உண்டு. 1959-இல் பில்கிங்டன் நிறுவனம் அறிவித்த மிதவை முறையில், உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுச் செய்யப்படும் கண்ணாடியே இன்று கடையில் கிடைக்கிறது. அது அப்பழுக்கில்லாத சமதளம். பழைய கண்ணாடியில் இருக்கும் மெல்லிய அலை அதில் இராது என்பதால், பக்கத்துக் கட்டத்தோடு ஒட்டாமல் தனியாகப் பளிச்சிடும். அது உறுத்தினால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில், இடித்த வீடுகளிலிருந்து வந்த கண்ணாடியைத் தேடலாம். பழைய கண்ணாடி அறுக்கும்போது சொன்னபடி கேட்காது. இரண்டு உடைந்து ஒன்று தேறும் என்று எண்ணிக்கொண்டு வாங்க வேண்டும்.

ஜன்னலையே கழற்றிவிட்டு யுபிவிசி என்ற பிளாஸ்டிக் சட்டத்தில் நகரும் ஜன்னல் போடச் சொல்பவர்களுக்கு ஒரே பதில்: இரண்டு தடமுள்ள நகரும் ஜன்னலில் பாதிதான் திறக்கும். மதுரையில் காற்றுக்கு வழிவிடும் முழு ஜன்னலை விட்டுக்கொடுத்து, ஒரு கட்டக் கண்ணாடி உடைந்ததற்குப் பரிகாரம் தேடுவது எனக்கு ஒப்பவில்லை.

எதைக் கொண்டு பொருத்துவது என்பதில்தான் அதிகமாகத் தவறு நடக்கிறது. பழைய முறை, சுண்ணக்கல் பொடியை ஆளிவிதை எண்ணெயில் பிசைந்த மக்கு, கடைப்பெயரில் புட்டி. காடியில் முதலில் ஒரு கோட் பிரைமர் அடிக்காவிட்டால் பூச்சில்லாத மரம் எண்ணெயை உறிஞ்சிவிட, மக்கு வறண்டு பொருக்காக உதிரும். கண்ணாடி வைப்பதற்கு முன் காடியில் மெல்லிய படுக்கையாக மக்கு, அதன்மேல் கண்ணாடி, சிறு ஆணிகள், பிறகு சரிவாக இழுத்த மேல்மக்கு என்பது வரிசை. மேலே தோல் கட்ட ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதன் பிறகு வர்ணம் அடிக்கும்போது கண்ணாடியின் மேலும் அரை நூல் அகலம் ஏறும்படி அடித்தால்தான் மழைநீர் இடுக்கில் இறங்காது. இத்தனையும் செய்தாலும் மேற்கு வெயிலில் சில வருடங்களில் வெடிக்கும்.

குழாயிலிருந்து பிதுக்கும் சிலிக்கான் பசையை மட்டும் வைத்து ஒட்டிவிடுவது ஒரு நாளில் முடிகிற வேலை. ஆனால் அதன்மேல் வர்ணம் நிற்காது. அடுத்தமுறை கண்ணாடி மாற்றுபவர் பிளேடை வைத்துக்கொண்டு அரைநாள் சுரண்டுவார். வினிகர் வாசனை அடிக்கும் மலிவான சிலிக்கான் லேமினேட்டட் விளிம்புக்கும் பாலிகார்பனேட்டுக்கும் ஆகாது. அவற்றுக்கு நியூட்ரல் என்று கேட்டு வாங்க வேண்டும்.

மர பீடிங் கட்டை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வெறுமனே அடித்தால் காற்றில் கடகடவென்று ஆடும். கண்ணாடிக்கு அடியில் மெல்லிய கோடாகச் சிலிக்கான் வைத்து, மேலே பீடிங்கை அறைந்தால் ஆட்டமும் இல்லை, ஒழுக்கும் இல்லை, அடுத்தமுறை நெம்பி எடுக்கவும் எளிது. நான் செய்தது இதுதான்: 4 மி.மீ. பிளெயின் கண்ணாடி, சிலிக்கான் படுக்கை, பீடிங். ஆணி அடிக்கும்போது கண்ணாடியின் மேல் காலண்டர் அட்டை ஒன்றைப் படுக்க வைத்து, சுத்தியலை அதன்மேலேயே சறுக்கி அடித்தேன்; தூக்கி அடித்தால் ஒரு தவறு போதும். மாடி ஜன்னலில் தொங்கிக்கொண்டு இதைச் செய்யக் கூடாது. கீல் திருகுகளுக்கு முதல்நாள் இரவே எண்ணெய் விட்டு ஊறவைத்து, கதவைக் கழற்றிக் கட்டிலில் படுக்கவைத்து வேலை பார்த்ததால், பழைய மக்கை உளியால் பெயர்க்கவும் வசதியாக இருந்தது. அந்தச் சுரண்டல் மட்டும் ஒன்றரை மணி நேரம். கண்ணாடி வைத்தது பதினைந்து நிமிடம். தெருவை ஒட்டிய ஜன்னலுக்கு லேமினேட்டடைச் சிபாரிசு செய்துவிட்டு நானே ஏன் பிளெயின் போட்டேன் என்றால், எங்கள் காடி அதற்கு இடம் தரவில்லை என்பதே காரணம். அதற்கு ஈடாக ஜன்னலுக்கு வெளியே கம்பி வலை அடித்து, சுவரில் புதிதாகத் துளையிட்டு நீளமான காற்றுக் கொக்கி ஒன்றும் மாட்டினேன்.

கழிந்த துண்டுகளைக் குப்பைப் பையில் போடவில்லை. செய்தித்தாளில் சுற்றிச் சிமெண்டுச் சாக்கில் கட்டி, வெளியே பெரிய எழுத்தில் கண்ணாடி என்று எழுதி, காலையில் தள்ளுவண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர் அக்காவிடம் சொல்லிக் கையில் கொடுத்தேன். வண்டியின் ஓரத்தில் அவர் அதைத் தனியாகச் சாய்த்து வைத்துக்கொண்டார்.