ஹஜ் நோட்டு என்று சாயத்தில் முக்கியெடுத்த பத்து ரூபாயை விற்றுவிட்டார்கள்

போன மாதம் நாகர்கோவிலில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாணயக் கண்காட்சி நடந்தது. அங்கே 42,000 ரூபாயைத் தொலைத்துவிட்டு வந்தேன். ஹஜ் நோட்டு தேடுகிறவர்கள் நம் பக்கத்தில் இன்னும் சிலர் இருப்பீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

என் உப்பா, அதாவது தாத்தா, 1960-இல் பம்பாயில் கப்பலேறி ஹஜ்ஜுக்குப் போனவர். திருவிதாங்கோட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "நம்ம பத்து ரூவா மாதிரியேதான் இருக்கும், ஆனா நீலம். இங்க டீக்கடையில நீட்டினா செல்லாது" என்பார். ஒரு நோட்டுகூட மிச்சம் வைக்கவில்லை. அப்போது வளைகுடா நாடுகளில் நம் ரூபாய்தான் புழங்கியது. அதை வைத்துத் தங்கக் கடத்தல் பெருகியதால் 1959-இல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கு ஒரு தனி நோட்டும் ஹஜ் பயணிகளுக்கு ஒரு தனி நோட்டும் வெளியிட்டது. வளைகுடா நோட்டின் எண் இசட் என்று தொடங்கும், ஹஜ் நோட்டு எச்.ஏ. என்று. ஹஜ்ஜில் பத்து நீலம், நூறு சிவப்பு. இவ்வளவும் தெரிந்துதான் ஏமாந்தேன்.

கண்காட்சியில் ஒரு வியாபாரியின் மேசையில் நீலப் பத்து இருந்தது. முன்னால் எச்.ஏ., பின்னால் பாய்மரக் கப்பல், கீழே அன்றைய ரிசர்வ் வங்கி கவர்னர் ஐயங்காரின் கையெழுத்து. வெளிச்சத்தில் பிடித்தால் அசோகத் தூண் நீர்க்குறி. "காக்கா, கவரைப் பிரிச்சுராதீங்க, கைரேகை பட்டா ரேட் போயிரும்" என்றார் வியாபாரி. லண்டன் ஏலத்தில் ஒரு நூறு ரூபாய் ஹஜ் நோட்டு 56 லட்சத்துக்குப் போன செய்தியைப் போனில் எடுத்துக் காட்டினார். பில் கேட்டேன், புத்தகம் தீர்ந்துபோச்சு என்றார். ஜிபேயில் வேறு யாரோ ஒரு பெண்ணின் பெயர் வந்தது. வீட்டுக்காரி அக்கவுண்ட் என்றார். சரி என்று அனுப்பிவிட்டேன். இந்த 'சரி'க்கு இன்றுவரை வீட்டில் வசவு வாங்குகிறேன்.

மார்த்தாண்டத்தில் ஒரு நண்பன் பழைய நோட்டு சேர்ப்பவன். கவரைப் பிரித்து லென்ஸை வைத்ததுமே, "மக்கா, சாயம் முக்கியிருக்கான்" என்றான். வெள்ளை ஓரத்திலும் நீர்க்குறிக்கு விட்டிருந்த வெற்றிடத்திலும் நீலம் இலேசாகக் கசிந்திருந்தது. அச்சில் வந்த நிறம் என்றால் கோட்டோடு நிற்கும். அப்புறம் எண்ணுக்குப் பின்னால் டார்ச் அடித்தான். எச்.ஏ. இருந்த இடத்தில் மட்டும் தாள் வெங்காயத் தோல் மாதிரி மெலிந்து வெளிச்சம் கூடுதலாக வந்தது. பழைய எழுத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக அடித்திருக்கிறான். மற்றதெல்லாம் நிஜம்: அதே காலத்துச் சாதாரண ஊதாப் பத்து, அதே தாள், அதே கையெழுத்து. நீர்க்குறியைப் பார்த்து நான் திருப்திப்பட்டதில் அர்த்தமே இல்லை.

வியாபாரிக்குப் போன் செய்தால், "மேசையை விட்டு எடுத்துட்டுப் போனா நம்ம பொறுப்பில்ல" என்றார். மறுநாள் முதல் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். சைபர் கிரைமில் புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.

அதே ஆல்பத்தில் அடுத்த பக்கத்தில் ஒரு சிவப்பு நூறும் இருந்தது, ஒன்றரை லட்சம் என்று ஒட்டியிருந்தார். அதை வாங்கியவர் இதைப் படித்தால் கவரைப் பிரித்து, எண்ணுக்குப் பின்னால் ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.