பழைய ரயில் தடத்தில் ஐந்து இரவுகள்: பர்கண்டி மிதிவண்டிப் பயணச் சேவை பற்றிய மதிப்பீடு

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் ஷாலோன்-சூர்-சோன் நகரிலிருந்து மாக்கோன் வரை, மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லாத பாதையில் மிதிவண்டியில் செல்வதற்கான பயண ஏற்பாடு ஒன்றை, மே மாதக் கடைசியில் நானும் என் கணவரும் பதினோரு வயது மகளும் பயன்படுத்தினோம். வழிகாட்டி உடன் வராத ஏற்பாடு இது. மூன்று மிதிவண்டிகள், ஐந்து இரவுத் தங்கல், காலை உணவு, ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்குப் பெட்டிகளைக் கொண்டு சேர்க்கும் வேன், வழிக்குறிப்புத் தாள்கள், அவசரத்துக்கு ஒரு தொலைபேசி எண் ஆகியவற்றை நிறுவனம் தருகிறது; மற்றதெல்லாம் நம் பொறுப்பு. ஷாலோனில் ஓர் இரவு, புஸ்ஸியில் ஓர் இரவு, கொர்மாத்தேனில் ஓர் இரவு, குளுனியில் இரண்டு இரவுகள் என்று தங்கி, கடைசி நாள் மாக்கோனில் வண்டிகளை ஒப்படைத்தோம். மொத்தத் தொலைவு சுமார் 70 கிலோமீட்டர்தான். தினமும் மிதிவண்டி ஓட்டிப் பழகாதவர்களுக்கும் இது கைவரும் தொலைவு.

பாதையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தச் சேவையின் நிறையும் குறையும் அதிலிருந்தே வருகின்றன. ஜிவ்ரிக்கும் குளுனிக்கும் இடையே ரயில் ஓடி நின்றுபோன தடத்தில், தண்டவாளத்தை அகற்றித் தார் போட்டு, 1997-இல் 44 கிலோமீட்டர் நீளத்துக்குத் திறந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ‘வ்வா வெர்த்’, அதாவது பசுமைப் பாதை, என்று அழைக்கும் வகைப் பாதைகளில் அந்நாட்டில் முதலாவது இதுவே. பிறகு மாக்கோன் பக்கமும் ஷாலோன் பக்கமும் நீட்டியிருக்கிறார்கள். நீராவி எஞ்சினால் செங்குத்தான ஏற்றத்தை இழுக்க முடியாது என்பதால், அன்று தடம் போட்டவர்கள் மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் சரிவைக் குறைத்தார்கள். அந்த உழைப்பின் பயனை இன்று நம் முழங்கால்கள் அனுபவிக்கின்றன. பழைய நிலையக் கட்டடங்கள் வழியில் இன்னும் நிற்கின்றன. நடைமேடையின் கல்விளிம்பில் புல் முளைத்துக் கிடக்க, அதன் மேல் உட்கார்ந்து சாப்பிடுவது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது.

கார் வராத பாதை என்றால் என்ன என்பதை நான் உணர்ந்தது ஜிவ்ரியைத் தாண்டித் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே போனபோதுதான். நானும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு போனோம். சாலையில் அவளை முன்னால் விட்டு, பின்னாலிருந்து “ஓரமாப் போ, ஓரமாப் போ” என்று கத்திக்கொண்டே வருவதுதான் எங்கள் வழக்கம். இங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தச் சொல் என் வாயில் வரவேயில்லை. அவள் பள்ளிக்கதை முழுவதையும் எனக்குச் சொல்லி முடித்தாள். ஆனாலும் பாதை ஊர்ச்சாலைகளைக் குறுக்கே கடக்கும் இடங்கள் பல உண்டு. அங்கெல்லாம் வேகத்தைக் குறைக்கத் தடுப்பு வைத்திருக்கிறார்கள். நின்று, இருபுறமும் பார்த்துத்தான் கடக்க வேண்டும். சிறு குழந்தைகளோடு வருபவர்கள் ஒவ்வொரு கடவையிலும் கூடவே நிற்பது நல்லது.

வண்டிகள் நன்றாக இருந்தன. இருக்கை உயரத்தை ஒவ்வொருவருக்கும் நிறுத்திப் பார்த்துச் சரிசெய்தார்கள். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஹெல்மெட் அணிவது பிரான்சில் சட்டப்படி கட்டாயம். மகளின் தலைக்கு மூன்று அளவுகளைப் பொருத்திப் பார்த்து ஒன்றைக் கொடுத்தார்கள். இவ்வளவு கவனம் காட்டியவர்கள் ஒரு சின்னப் பொருளில் தவறிவிட்டார்கள். இரண்டாம் நாள் சேன்-ஜாங்கூ-லெ-நசியோனாலுக்குச் சற்று முன்னால் என் கணவரின் பின்சக்கரம் பஞ்சரானது. பையில் மாற்று டியூப் இருந்தது, டயரைக் கழற்றும் நெம்புகோல் இருந்தது, பம்பும் இருந்தது. டியூபை மாற்றி, பம்பை வைத்தால் வாய் பிடிக்கவில்லை. டியூபின் வால்வு பென்சில் முனைபோல் ஒல்லியான பிரெஸ்டா வகை. பம்பின் வாயோ கார் டயரின் தடித்த வால்வுக்கு உரியது. அவசர எண்ணை அழைத்தோம். உடனே எடுத்தார்கள், பணிவாகப் பேசினார்கள், ஆனால் மதிய உணவு வேளை முடிந்துதான் ஆள் வர முடியும் என்றார்கள். அந்தப் பகுதியில் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரை பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும் என்பதால், ஊருக்குள் போய்க் கேட்கவும் வழியில்லை. கடைசியில் அந்தப் பக்கம் வந்த ஒரு வயதான தம்பதி தங்கள் பம்பைத் தந்து உதவினார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் சேன்-ஜாங்கூவின் ஒடுங்கிய சந்துகளையும் பழைய துணிதுவைக்கும் துறையையும் நிதானமாகப் பார்த்திருக்கலாம், அவசரமாகத்தான் சுற்றினோம். புறப்படும் முன் பம்பையும் வால்வையும் நீங்களே ஒருமுறை பொருத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, இந்தச் சேவையைப் பற்றி நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. விளம்பரத்தில் ‘வண்டித் தொல்லையில்லாத பாதை’, ‘இடைக்கால ஊர்கள்’ என்ற இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள். ரயில் பள்ளத்தாக்கைத் தேடிப் போனது. இடைக்காலத்து மனிதர்களோ பாதுகாப்புக்காகப் பல ஊர்களைக் குன்றின் மேல் கட்டினார்கள். ஆகவே அந்த ஊர்களில் சிறந்தவை பாதையின் மேல் இல்லை. அங்கே போகப் பாதையை விட்டு இறங்கிச் சாலையில் ஏற வேண்டும். ஒரு நிறுவனம் நல்ல நிறுவனமா என்பதை அந்த நான்கைந்து கிலோமீட்டரை அது எப்படிக் கையாள்கிறது என்பதை வைத்தே நான் மதிப்பிடுவேன்.

பிரான்சியோன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கொர்மாத்தேனிலிருந்து கிழக்கே, பதினோராம் நூற்றாண்டுத் தேவாலயம் உள்ள ஷாபேஸ் ஊர் வழியாகப் போய் மலையேற வேண்டும். மேலே ஒரு கோட்டை, கனத்த மரத்தூண்கள் தாங்கும் பழைய சந்தைக் கொட்டகை, சுவரோவியங்கள் உள்ள சிறு தேவாலயம், சில கல்வீடுகள், அவ்வளவுதான் ஊர். தேவாலய வாசலில் நின்றால் பள்ளத்தாக்கு முழுவதும் கீழே விரிகிறது. அந்தக் கொட்டகைத் தூணில் கையை வைத்துப் பார்த்தேன். எத்தனையோ தலைமுறையின் கைபட்டு மரம் வழவழவென்று இருந்தது. பார்க்க வேண்டிய ஊர், ஐயமே இல்லை. ஆனால் வழிக்குறிப்புத் தாளில் ‘அமைதியான கிராமச் சாலை’ என்று எழுதியிருந்த டி14 சாலையில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் எங்களை ஒட்டிப் பறந்தன. தொலைவைக் குறித்தவர்கள் ஏற்றத்தைக் குறிக்கவில்லை. கடைசிப் பகுதியை மகள் வண்டியைத் தள்ளிக்கொண்டே ஏறினாள். குழந்தையோடு வருகிறோம் என்று முன்பதிவின்போதே சொல்லியிருந்தோம். இந்தத் துண்டுக்கு மட்டும் பெட்டி ஏற்றும் வேனில் எங்களையும் ஏற்றி மேலே விட்டிருக்கலாம், அல்லது மின்மோட்டார் உள்ள வண்டியைப் பரிந்துரைத்திருக்கலாம். தாளில் உண்மையை எழுதியிருந்தால்கூடப் போதும், நாங்களே முடிவெடுத்திருப்போம்.

குளுனிக்கு இரண்டு இரவுகள் ஒதுக்கியது இந்த ஏற்பாட்டின் மிகச் சிறந்த அம்சம். 910-இல் நிறுவப்பட்ட கிறிஸ்தவத் துறவியர் மடம் இங்கே இருக்கிறது. அந்த மடத்துக்காக 1088-இல் தொடங்கிக் கட்டிய மூன்றாவது தேவாலயம் ஏறத்தாழ 187 மீட்டர் நீளம் கொண்டது. ரோமில் புனித பேதுரு பேராலயம் இப்போதைய வடிவில் எழும்வரை கிறிஸ்தவ உலகில் அதைவிடப் பெரிய ஆலயம் இருக்கவில்லை. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு அதை விற்று, கல் கல்லாகப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். இன்று முக்கியமாக நிற்பது, சிலுவை வடிவில் கட்டிய அந்த ஆலயத்தின் தெற்குப் பக்கக் கையின் ஒரு பகுதியும் அதன் மேல் எண்கோணக் கோபுரமும்தான். அந்தத் துண்டின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்து, இது மொத்தத்தில் எவ்வளவு சிறிய பங்கு என்று எண்ணிப் பார்க்கையில் நெஞ்சு கனத்தது. ஊருக்குள் ரோமனெஸ்க் என்ற இடைக்காலக் கட்டடப் பாணியில் எழுந்த வீடுகள் இன்னும் குடியிருப்புகளாக இருக்கின்றன. மேல்மாடியின் தூண் வைத்த சன்னல் வரிசையைக் கொண்டு அவற்றை அடையாளம் காணலாம். விடுதி மடத்திலிருந்து நடக்கும் தொலைவில் இருந்ததால், வண்டிகளை நிறுத்திவிட்டு ஒரு நாள் முழுவதும் கால்நடையாகவே சுற்றினோம். தெய்சே என்ற கிறிஸ்தவத் துறவியர் குழுமத்தின் குன்றும் கொர்மாத்தேனுக்கும் குளுனிக்கும் இடையில்தான் இருக்கிறது. நேரமில்லாமல் கீழேயிருந்தே பார்த்துக்கொண்டு போனோம்.

குளுனிக்குத் தெற்கே புவா கிளேர் சுரங்கம் சுமார் 1,600 மீட்டர் நீளம். உள்ளே விளக்குகள் உண்டு, ஆனால் மே மாதத்திலும் குளிர் உடம்பைப் பிடிக்கும். மேற்சட்டையைப் பெட்டியில் அனுப்பிவிடாமல் கையோடு வைத்துக்கொள்ளும்படி தாளில் எழுதியிருந்தார்கள், அது உதவியது. குளிர்காலத்தில் வௌவால்கள் உறங்குவதால் சுரங்கத்தை மூடிவிடுவார்கள். அப்போது மலையின் மேல் ஏறித்தான் கடக்க வேண்டும். மறுபக்கம் வெளியே வந்த சற்று நேரத்தில் பெர்ஸே-லெ-ஷாத்தெல் கோட்டை திராட்சைச் சரிவுகளுக்கு மேலே தெரிகிறது.

நாங்கள் சைவம் என்பதை நிறுவனம் எல்லா விடுதிகளுக்கும் முன்கூட்டியே தெரிவித்திருந்தது. புஸ்ஸியில் சூடான ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி சாலட்டும், குழேர் என்ற பாலாடைக்கட்டிப் பணியாரமும் வந்தன. மகள் அந்தப் பணியாரத்தை அடுத்த நாள் பேக்கரியிலும் தேடிப் பிடித்தாள். பெட்டிகள் ஒருநாளும் தவறாமல் எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தன.

ஆளுக்கு ஏறத்தாழ 800 யூரோ கொடுத்தோம். விடுதிகளையும் வாடகை வண்டிகளையும் தனித்தனியாக ஏற்பாடு செய்தால் சற்றுக் குறையலாம். பெட்டி சுமக்கும் வேனுக்காகவே இந்தத் தொகையைத் திரும்பவும் கொடுப்பேன். மாக்கோனில் வண்டிகளை ஒப்படைத்தபோது பம்பைப் பற்றியும் பிரான்சியோன் சாலையைப் பற்றியும் சொன்னேன். பம்பை அங்கேயே சோதித்துத் தனியே எடுத்து வைத்தார்கள். சாலையைப் பற்றி நான் சொன்னதைக் குறித்துக்கொண்டார்கள். குழந்தைகளோடு இதே வழியில் போக நினைப்பவர்கள் கொர்மாத்தேனில் இன்னொரு இரவைச் சேர்த்துக் கேளுங்கள். காலையில் பிரான்சியோனுக்கு வாடகைக் காரில் போய்வந்து, மாலையில் தெய்சே குன்றுக்கு ஏறலாம்.