லேப்டாப், வீட்டு சர்வர், நடுவில் சின்க்திங்

எனக்குப் பதிப்பக வேலை. புரூஃப் பார்ப்பது பாதி நேரம் ரயிலில்தான். கோப்புகள் லேப்டாப்பிலேயே இருக்க வேண்டும், நெட் இல்லாவிட்டாலும் திறக்க வேண்டும், வீட்டுக்கு வந்ததும் தானாக சர்வருக்குப் போய்விட வேண்டும். சர்வர் என்று பெரிதாகச் சொன்னாலும், டெபியன் என்ற லினக்ஸ் வகை போட்ட ஒரு பழைய கணினிதான் அது. லேப்டாப்பில் விண்டோஸ். இரண்டுக்கும் நடுவே சில வருடங்களாக சின்க்திங் ஓடுகிறது, கணினிகளின் ஃபோல்டர்களை ஒன்றுபோலவே வைத்திருக்கும் நிரல். இலவசம், திறமூலம், கோப்புகள் யாருடைய கிளவுடிலும் போய் உட்காருவதில்லை.

நெட்வொர்க் தகராறு அபூர்வம். கணினிகள் ஒன்றையொன்று பார்க்கவில்லை என்றால், சர்வரின் ஃபயர்வாலில் (நெட்வொர்க் காவல் நிரலில்) 22000, 21027 ஆகிய போர்ட்டுகள், அதாவது எண்ணிட்ட வாசல்கள், திறந்திருக்கின்றனவா என்று பார்த்தால் பெரும்பாலும் முடிந்தது. முதலாவது கோப்புகள் போய்வர, இரண்டாவது வீட்டுக்குள் ஒன்றையொன்று கண்டுபிடிக்க.

என் நேரத்தைத் தின்றவை கோப்புப் பெயர்கள். நான் தமிழில்தான் பெயர் வைப்பேன். ஒருமுறை சர்வரில் 'தொகுப்பு' என்று இரண்டு ஃபோல்டர்கள் நின்றன. எழுத்துக்கு எழுத்து ஒன்றே. ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு எப்படி இருக்கும்? அதில் ஒன்று, அட்டை வடிவமைக்கும் நண்பரின் மேக்கிலிருந்து ஜிப்பாக வந்தது. கணினி எழுத்துகளைக் குறியீடுகளாக வைக்கும் முறையான யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். மேக்கிலிருந்து வரும் ஜிப்களில் பல சமயம் பிரித்த வடிவம்தான் இருக்கிறது. சேர்ந்த குறி 3 பைட், பிரிந்தது 6 பைட். லினக்ஸுக்கு பைட் வேறானால் பெயரும் வேறு. ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதைதான்.

சின்க்திங் இதைக் கவனித்து, பிரிந்த பெயரைத் தானாகவே சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிவிடும். ஆனால் அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் கை வைக்காது. பிழை என்று பட்டியலில் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். சரியான முடிவுதான், நாம்தான் இரண்டையும் திறந்து ஒப்பிட்டுச் சேர்க்க வேண்டும். இப்போதெல்லாம் மேக் ஜிப்பை வேறிடத்தில் பிரித்து, கான்வ்எம்வி என்ற சிறு நிரலால் பெயர்களை ஒழுங்குபடுத்திய பிறகே உள்ளே விடுகிறேன்.

அடுத்தது நீளம். லினக்ஸில் பெயருக்கு வரம்பு 255 பைட். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் 85 குறியீட்டில் நின்றுவிடும், அதிலும் 'கி' என்றால் இரண்டு குறியீடு. விண்டோஸ் பைட்டைப் பார்ப்பதில்லை. அதனால் லேப்டாப்பில் நிம்மதியாக இருந்த நீளமான கட்டுரைத் தலைப்பு, சர்வர் வாசலில் நின்றுவிடும். ஆங்கிலத்தில் பெயர் வைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியவே வராது.

இரண்டு பக்கமும் ஒரே கோப்பைத் திருத்தியிருந்தால், திருத்திய நேரம் பழையதாக இருக்கும் பிரதிக்கு 'சின்க் கான்ஃப்ளிக்ட்' என்று தேதியோடு பெயர் மாறும். எதுவும் தொலையாது. ஆனால் லேப்டாப்பின் கடிகாரத்தை ஓட வைக்கும் சீமாஸ் பேட்டரி செத்துக் கடிகாரம் பின்னால் போயிருந்தால், நேற்று திருத்திய நல்ல பிரதிதான் ஓரம் கட்டப்படும். பெயரைப் பார்த்து அழித்துவிடாமல் திறந்து பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் திருத்தியிருந்தால் கடிகாரத்தைப் பற்றிக் கவலை இல்லை.

லிப்ரேஆஃபிஸ் (இலவச ஆஃபிஸ் தொகுப்பு) ஒரு கோப்பைத் திறந்திருக்கும்போது உருவாக்கும் பூட்டுக் கோப்புகளை, சின்க்திங்கின் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். அந்தப் பட்டியல் மட்டும் கணினிக்குக் கணினி போகாது, இரண்டிலும் தனித்தனியாக எழுத வேண்டும். அப்புறம், இது பேக்கப் இல்லை. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். பழைய பதிப்புகளைச் சேமிக்கும் வசதி உண்டு, நாமாகப் போய் இயக்க வேண்டும். அதை ஏன் முதலிலேயே இயக்கித் தரவில்லை என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

2025 ஆகஸ்டில் வந்த சின்க்திங் 2.0 பதிப்பு தன் தரவுத்தளத்தை எஸ்கியூலைட் என்ற வேறொரு தரவுத்தள வகைக்கு மாற்றியது. கோப்புகள் நிறைய இருந்தால் முதல் ஓட்டம் நேரம் எடுக்கும், நடுவில் நிறுத்த வேண்டாம். இன்னொரு மாற்றத்தைப் பலர் கவனிக்கவில்லை: அழித்த கோப்புகளின் குறிப்பை 15 மாதத்துக்குப் பிறகு அது மறந்துவிடும். அதைவிட நீண்ட காலம் அலமாரியில் கிடந்த லேப்டாப்பை மறுபடி இணைத்தால், என்றைக்கோ அழித்தவை திரும்பி வரலாம். அப்படிப்பட்ட கணினியை நெட்டில் சேர்ப்பதற்கு முன், அதன் சின்க்திங்கிலிருந்து அந்த ஃபோல்டரை நீக்கிவிட்டு, காலியான புதிய இடத்தில் முதலிலிருந்து இறக்கிக்கொள்வது நல்லது.