கூடுதல் மருத்துவருக்கு மாதச் சம்பளமா, கட்டணத்தில் பங்கா?

திருமங்கலத்திலோ மேலூரிலோ ஒரே மருத்துவர் நடத்தும் கிளினிக்கில், மாலைக் கூட்டத்தைச் சமாளிக்க இன்னொருவரைச் சேர்க்கும்போது, அவருக்கு மாதச் சம்பளம் தருவதா, அவர் பார்க்கும் நோயாளிகளின் கட்டணத்தில் பங்கு தருவதா என்பதை முதலிலேயே எழுத்தில் முடிவு செய்துவிட வேண்டும்.

சம்பளம் என்றால், மதுரையிலிருந்து பேருந்தில் வந்துபோகும் இளம் மருத்துவருக்கு வருமானம் உறுதியாகிறது. ஆனால் கூட்டம் குறைந்த மாதத்தின் இழப்பு முழுவதும் உரிமையாளரையே சேரும். பங்கு முறையில் அந்தச் சுமை பிரிகிறது. எனினும், புதியவர்மீது நோயாளிகளுக்கு நம்பிக்கை வரக் காலம் பிடிக்கும் என்பதால், குறைந்தபட்சத் தொகை ஒன்றை உறுதியளிக்காமல் பங்கு மட்டும் பேசுவது நியாயமாகாது என்றே கருதுகிறேன்.

பங்கை ஆலோசனைக் கட்டணத்தின் மீது மட்டுமே கணக்கிட வேண்டும். பரிசோதனைகளுக்கு நோயாளிகளை அனுப்புவதற்காகக் கமிஷன் தருவதையும் பெறுவதையும் 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் தடை செய்கின்றன. அப்படியொரு விதி இல்லாவிட்டாலும், கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தின் தலையில் தேவையற்ற ஸ்கேன் செலவைச் சுமத்தத் தூண்டும் எந்த ஒப்பந்தமும் கூடாது.

வரிப்பிடித்தமும் வேறுபடும்: பிடிக்கும் கடமையுள்ள கிளினிக்கானால், சம்பளத்துக்கு வருமான வரி விகிதப்படியும், பங்காகத் தரும் தொழில்முறைக் கட்டணம் ஆண்டு வரம்பைத் தாண்டினால் அதற்குப் பொதுவாக 10 சதவீதமும் பிடிக்க வேண்டும்.