சின்ன ஆபீசுக்கு எந்த சர்வர்? ஃபைல் வேறு, டேட்டாபேஸ் வேறு

ஆறேழு கணினிகள், ஒரு பிரிண்டர், ஒரு பில்லிங் சாஃப்ட்வேர். இப்படியொரு ஆபீசில் "எல்லாருக்கும் ஒரே ஃபோல்டர் தெரியணும்" என்று கேட்டால், இருப்பதிலேயே நல்ல கணினியில் ஒரு ஃபோல்டரை ஷேர் செய்து, மற்றவற்றில் இசட் டிரைவாக மேப் செய்துவிட்டுப் போவார்கள். செலவு பூஜ்ஜியம். வேர்டு, எக்செல், ஸ்கேன் செய்த பிடிஎஃப் மாதிரியான சங்கதிகளுக்கு இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விண்டோஸ் 10, 11 உரிமப்படி 20 சாதனங்கள் வரை இணையலாம். அந்த எல்லை நமக்கு ரொம்பத் தூரம். தொல்லை என்னவென்றால், அந்தக் கணினியில் ஒருவர் உட்கார்ந்து வேலை பார்ப்பார். ஆறு மணியானால் ஷட் டவுன் செய்துவிட்டுக் கிளம்பிவிடுவார். மாதக் கடைசியில் ஏழு மணிக்கு ஃபைலைத் தேடுகிறவர் அவருக்கு போன் போடுவார்.

ஆகவே, யாரும் உட்காராத ஒரு பெட்டி வேண்டும். அதற்கு இரண்டு வழிகள். ஒன்று, சினாலஜி, க்யூநாப் போன்ற கம்பெனிகளின் நாஸ், அதாவது நெட்வொர்க்கில் மாட்டி எல்லாரும் ஃபைல் வைக்கிற டிஸ்க் பெட்டி. இன்னொன்று, மூலையில் கிடக்கும் பழைய டெஸ்க்டாப்பில் டெபியன் என்ற லினக்ஸும், விண்டோஸ் கணினிகளுக்கு ஃபோல்டரை ஷேர் செய்து கொடுக்கும் சாம்பாவும் போடுவது. சாம்பா 1992-இல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் எழுத ஆரம்பித்த இலவச மென்பொருள். சினாலஜி பெட்டிக்குள் விண்டோஸ் ஷேரிங்குக்காக ஓடுவதும் இதே சாம்பாதான். அப்போது நாஸுக்குக் கொடுக்கும் காசு எதற்கு? பிரவுசரிலேயே யூசர், பாஸ்வேர்டு வைக்கலாம், கரன்ட் குறைவாக இழுக்கும், சத்தம் கம்மி. பல மாடல்களில் டிஸ்க் விலை தனி. கொட்டேஷன் வாங்கும்போது அதையும் கேளுங்கள். லினக்ஸ் தெரிந்த ஆள் கூப்பிடு தூரத்தில் இருந்தால் பழைய டெஸ்க்டாப், இல்லையென்றால் நாஸ். விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டு எடுத்தால் சர்வர் உரிமத்தோடு ஆளுக்கொரு அணுகல் உரிமமும் வாங்க வேண்டும். ஆறு பேருக்கு அது தண்டச் செலவு.

இதுவரை சொன்னது ஃபைலுக்கு. ஆபீஸ்கள் அடி வாங்குவது டேட்டாபேஸில்தான். மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் டேட்டாபேஸ் ஃபைலை ஷேர் ஃபோல்டரில் வைத்து ஐந்து பேர் திறந்தால், உள்ளே ஒரு சர்வரும் கிடையாது. ஒவ்வொரு கணினியும் ஃபைலின் பக்கங்களை நெட்வொர்க் வழியாக இழுத்து, தானே திருத்தி, தானே திருப்பி எழுதுகிறது. யார் எந்த இடத்தைப் பிடித்திருக்கிறார் என்பது பக்கத்தில் உருவாகும் சின்ன லாக் ஃபைலில் பதிவாகும். பாதி எழுதும்போது ஒரு லேப்டாப்பின் வைஃபை போனால், ஃபைல் அரைகுறையாக நிற்கும். அடுத்து திறப்பவருக்கு "ரிப்பேர் செய்யட்டுமா" என்ற பெட்டி வரும். ஃபைல் 2 ஜிபி-யைத் தாண்டவும் முடியாது. கேபிள் போட்ட நெட்வொர்க்கில் இரண்டு மூன்று பேருக்கு ஓடும், சரி. அதற்கு மேல் நம்பாதீர்கள். நாஸ் வாங்கி ஃபைலை அதில் வைத்தாலும் இந்தச் சிக்கல் அப்படியே இருக்கும். கூகுள் டிரைவ் சிங்க் ஃபோல்டரில் வைப்பது இன்னும் மோசம்: ஒவ்வொரு கணினியிலும் ஒரு நகல், காலையில் போட்ட பில் எந்த நகலில் இருக்கிறது என்று தேட வேண்டியதுதான்.

மரியாடிபி, போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் ஆகிய மூன்று டேட்டாபேஸ் சர்வர்களும் வேலை செய்கிற விதமே வேறு. கணினிகள் கேள்வியை மட்டும் அனுப்பும். எழுதுவது சர்வர் ஒன்றுதான். நடுவில் லைன் அறுந்தால், முடியாத பதிவை அதுவே ரத்து செய்துவிடும். மூன்றும் இலவசம். எக்ஸ்பிரஸில் மட்டும் கட்டுப்பாடுகள் உண்டு: 2022 பதிப்பில் ஒரு டேட்டாபேஸுக்கு 10 ஜிபி, அதிகபட்சம் நான்கு கோர், தானாக பேக்கப் எடுக்கும் ஏஜென்ட் கிடையாது, டாஸ்க் ஷெட்யூலரில் நாமே எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு கடையின் பில்லிங்குக்கு 10 ஜிபி பல வருஷம் வரும். சாஃப்ட்வேரைப் புதிதாக எழுத வைப்பதென்றால் என் ஓட்டு போஸ்ட்கிரெஸுக்கு. ஆனால் பெரும்பாலும் நீங்கள் வாங்கிய சாஃப்ட்வேரே இதை முடிவு செய்துவிடும். வாங்குமுன் விற்பவரிடம் "டேட்டா ஃபைலில் உட்காருமா, எஸ்க்யூஎல் சர்வரிலா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். டேலி என்றால் லேனில் பல பேர் வேலை செய்ய கோல்டு உரிமம்தான். சில்வர் ஒருவருக்கு மட்டும்.

மிச்சமாகும் பணத்தில் முதலில் யுபிஎஸ் வாங்குங்கள். பெட்டிக்கு மட்டும் போதாது, நெட்வொர்க் கேபிள்களை இணைக்கும் ஸ்விட்சுக்கும் சேர்த்து. ஸ்விட்ச் பழைய 100 எம்பிபிஎஸ் ரகமாக இருந்தால் மாற்றுங்கள். அதில் நொடிக்கு 11 எம்பி போனாலே பெரிது, கிகாபிட்டில் 110 வரை வரும். நாஸில் ரெய்டு 1 (இரண்டு டிஸ்கிலும் ஒரே டேட்டாவை எழுதுவது) போட்டதால் பேக்கப் ஆகிவிட்டது என்று நினைப்பவர்கள் நிறைய. ஒரு டிஸ்க் செத்தால் அது காப்பாற்றும். யாராவது ஃபோல்டரை அழித்தாலோ, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் புகுந்தாலோ இரண்டு டிஸ்கிலும் ஒரே நேரத்தில் போய்விடும். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரேன்சம்வேர், இன்டர்நெட்டுக்குத் திறந்து வைத்த க்யூநாப் பெட்டிகளைக் குறிவைத்தது. வீட்டிலிருந்து பார்க்க வேண்டுமென்றால் ரவுட்டரில் போர்ட் திறக்காமல் விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வரும் பாதுகாப்பான தனி வழி) வைத்துக்கொள்ளுங்கள். டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்தால் அது திறக்காமல் போகலாம். டேட்டாபேஸ் சர்வர் மூலமாகவே டம்ப் (மொத்த டேட்டாவின் நகல் ஃபைல்) எடுத்து, அதை வெளி டிஸ்கில் போட்டு, டிஸ்கைக் கழற்றி வைத்துவிடுங்கள்.